விவாதம்: வைரஸ் மரபணு இல்லாமல் நஞ்சுக்கொடி உருவாகுமா?

தேவிபட்டினம் ஆசிரியர்:

நஞ்சுக்கொடியில் தாயின் இரத்தமும் சேயின் இரத்தமும் கலப்பதில்லை, உணவும் ஆக்சிஜனும் உள்ளே போகின்றன, கழிவு வெளியே வருகிறது என்று எழுதினால் தேர்வில் மதிப்பெண் கிடைத்துவிடும். அந்த இரண்டு இரத்தங்களுக்கும் நடுவே நிற்கும் சுவர் எப்படிக் கட்டப்பட்டது என்று மாணவர்கள் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. உயிரியலில் இதைவிட வியப்பான செய்தி அதிகம் இருக்காது என்று நினைக்கிறேன். அதனால் இங்கே எழுதுகிறேன்.

கரு கருப்பையில் பதியத் தொடங்கியதுமே அதன் வெளிப்புறச் செல்கள் தமக்கு இடையிலுள்ள சவ்வுகளை இழந்து ஒரே படலமாகக் கலந்துவிடுகின்றன. எல்லைக்கோடு இல்லாத ஒரே செல், அதற்குள் எண்ணற்ற உட்கருக்கள். பிரசவ காலத்தில் அந்தப் படலத்தின் பரப்பை விரித்துக் கணக்கிட்டால் 10 முதல் 14 சதுர மீட்டர் வரும். செல்லுக்கும் செல்லுக்கும் இடையே சந்து கிடையாது. கிருமிக்கும் தாயின் வெள்ளணுவுக்கும் நுழைய வழி அரிது.

செல்களை இப்படிக் கலக்கவைக்கும் புரதத்தின் பெயர் சின்சிட்டின். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜான் மெக்காய் குழுவினர் 2000-ஆம் ஆண்டு நேச்சர் இதழில் அதை விவரித்தனர். அதே ஆண்டில் பிரான்சு நாட்டு ஆய்வாளர்களும் தனியாக அதே முடிவுக்கு வந்தனர். அதன் மரபணு ஏழாவது குரோமோசோமில் இருக்கிறது. வரிசையைப் படித்துப் பார்த்தால் அது ஒரு ரெட்ரோவைரஸின் உறைப் புரதம். எச்ஐவி எந்தப் பெருங்குடும்பத்தைச் சேர்ந்ததோ அதே குடும்பம். வைரஸ் தன் உறைப் புரதத்தைக் கொண்டுதான் நம் செல்லின் சவ்வில் ஒட்டி, அதோடு கலந்து, உள்ளே புகுகிறது. அதே திறனைக் கொண்டு கருவின் செல்கள் தமக்குள் கலக்கின்றன.

மனிதனிடம் இப்படி இன்னொன்றும் உண்டு. அது ஆறாவது குரோமோசோமில் இருக்கும் சின்சிட்டின்-2. பிரான்சில் தியரி ஐட்மான் குழு 2003-இல் கண்டது. இதில் ஒரு பகுதி நோய் எதிர்ப்பை அடக்கும் திறன் உடையது. பாதி தந்தையின் மரபணு கொண்ட கருவைத் தாயின் உடல் எதிரியாக நினைத்துத் தாக்காமல் இருப்பதில் இதற்கும் பங்கு இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

அந்தப் பழைய வைரஸ்கள் நம் முன்னோரின் உடலில் நுழையாமல் போயிருந்தால் மனித நஞ்சுக்கொடி இன்றுள்ள வடிவில் இருந்திருக்காது. இது என் முடிவு. மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

கீழக்கரை வாசகர்:

ஐயா, ஒரு சந்தேகம். இரண்டு புரதங்கள் ஒன்றுபோல இருக்கின்றன என்பதை ஏற்கிறேன். அதனால் வைரஸிடமிருந்து நமக்கு வந்தது என்று எப்படி முடிவு கட்டுவது? நம்மிடமிருந்து வைரஸ் எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே? திசையை எதை வைத்துச் சொல்கிறார்கள்?

மண்டபம் ஆய்வு மாணவி:

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) கேட்டதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் எதிர்த்திசையில் நடந்த எடுத்துக்காட்டும் உண்டு. கோழிக்குப் புற்றுக்கட்டி தரும் ரவுஸ் சார்கோமா வைரஸில் உள்ள புற்று மரபணு, கோழியின் சொந்த மரபணுவிலிருந்து வைரஸ் எடுத்துக்கொண்டது. 1976-இல் பிஷப்பும் வார்மஸும் தம் குழுவினரோடு அதைக் காட்டினார்கள். 1989-இல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆகவே ஒற்றுமை மட்டும் போதாது.

சின்சிட்டின் இருக்கும் இடத்தில் தனியாக ஒரு மரபணு மட்டும் கிடக்கவில்லை. ஒரு முழு வைரஸின் எச்சமே கிடக்கிறது. ரெட்ரோவைரஸின் மரபுப்பொருள் ஆர்என்ஏ. அது செல்லுக்குள் புகுந்ததும் தன்னை டிஎன்ஏவாகத் திருப்பி எழுதிக்கொண்டு நம் குரோமோசோமுக்குள் செருகிக்கொள்கிறது. அப்படித் திருப்பி எழுதும் நொதியை 1970-இல் டெமினும் பால்டிமோரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். செருகிக்கொள்ளும் வைரஸின் இரு முனைகளிலும் ஒரே மாதிரியான நீண்ட வரிசை இருக்கும். நடுவில் மூன்று முக்கிய மரபணுக்கள்: உள்கூட்டுக்கு ஒன்று, நொதிகளுக்கு ஒன்று, உறைக்கு ஒன்று. ஏழாவது குரோமோசோமில் இந்த அமைப்பு அப்படியே இருக்கிறது. இரு முனை வரிசைகளும் உண்டு, முதல் இரண்டு மரபணுக்களும் உண்டு, ஆனால் அவை பிழைகள் சேர்ந்து சிதைந்து பயனற்றுப் போய்விட்டன. உறை மரபணு மட்டும் பழுதில்லாமல் நிற்கிறது. பயன்படாதது அழிந்தது, பயன்பட்டதை இயற்கைத் தேர்வு காப்பாற்றியது. நாம் கொடுத்து வைரஸ் வாங்கியிருந்தால் நம்மிடம் இந்தச் சிதைந்த இரண்டும், இரண்டு முனைகளும் இருக்கக் காரணமே இல்லை.

இன்னொரு சான்று இடம். சிம்பன்சி, கொரில்லா, உராங்உட்டான் ஆகியவற்றிலும் இதே வைரஸ் இதே குரோமோசோமில் இதே இடத்தில் செருகியிருக்கிறது. தனித்தனியாகத் தொற்றியிருந்தால் இவ்வளவு பெரிய மரபுத்தொகுதியில், அதாவது மொத்த டிஎன்ஏவில், ஒரே புள்ளியில் விழுந்திருக்க வாய்ப்பில்லை. பொது முன்னோரின் விந்தணுவையோ முட்டையையோ உண்டாக்கும் செல்லில் ஒருமுறை செருகியது, பிறகு பரம்பரையாக இறங்கியது. 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று கணக்கிடுகிறார்கள். சின்சிட்டின்-2 இன்னும் பழையது, 4 கோடி ஆண்டுகளுக்கு மேல்.

இவை இரண்டும் பெரிய குவியலில் இரண்டே இரண்டு. மனித மரபுத்தொகுதியில் ஏறத்தாழ 8 விழுக்காடு இப்படிப்பட்ட பழைய ரெட்ரோவைரஸ் எச்சங்கள். புரதம் தயாரிக்கும் நம் மரபணுக்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் 2 விழுக்காட்டைத் தாண்டாது.

பாம்பன் நாட்டுப்படகு:

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். வலையில் விழுந்த பால்சுறா சினையாக இருந்தால், கரையில் வயிற்றைக் கீறும்போது உள்ளே குட்டிகள் கொடியோடு இருக்கும். ஒவ்வொரு குட்டிக்கும் தனிக் கொடி. அதன் மறுமுனை தாயின் கருப்பைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். கொம்பன் சுறாவிலும் இப்படித்தான். மீன் என்றால் முட்டை என்று பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் சுரக்கச் சுறாப்புட்டு செய்து கொடுக்கும் எங்கள் ஊரில், அந்தச் சுறாவும் கொடியில் பிள்ளை வளர்க்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆசிரியர் பாலூட்டிகளைப் பற்றி மட்டும் பேசுகிறார். சுறா எந்தக் கணக்கில் வரும்?

தேவிபட்டினம் ஆசிரியர்:

இந்தக் கேள்விக்காகவே இழையைத் தொடங்கியிருக்கலாம். நீங்கள் பார்த்தது உண்மையான நஞ்சுக்கொடிதான். சுறாக்குட்டி முதலில் தன் மஞ்சள் கருவை உண்டு வளர்கிறது. அது தீர்ந்ததும் அந்தப் பையே கருப்பைச் சுவரோடு ஒட்டி, தாயிடமிருந்து உணவு எடுக்கும் உறுப்பாக மாறுகிறது. கொடியோடு சுறாக்குட்டி வளர்வதை 2,300 ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் எழுதிவைத்தார். பலர் நம்பவில்லை. ஜெர்மனியின் யோகான்னஸ் முல்லர் 1842-இல் உறுதிசெய்தார். அரிஸ்டாட்டிலுக்கு அதைக் காட்டியவர்கள் உங்களைப் போன்ற கடல்காரர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

நஞ்சுக்கொடி என்பது ஒரே ஒருமுறை தோன்றி எல்லோருக்கும் வந்து சேர்ந்த உறுப்பு அன்று. மீன்களிலும் பல்லிகளிலும் பாலூட்டிகளிலும் தனித்தனியே பலமுறை உருவாகியிருக்கிறது. இங்கேதான் வைரஸ் மறுபடியும் வருகிறது. தென் அமெரிக்காவில் மபூயா என்ற அரணை இனம் உண்டு. நம் தோட்டத்து அரணையின் உறவு, ஆனால் குட்டி போடும். அதன் நஞ்சுக்கொடி பாலூட்டிகளுடையதற்கு இணையாக வளர்ந்தது. 2017-இல் ஐட்மான் குழு அதிலும் செல்களைக் கலக்கும் ஓர் உறைப் புரதத்தைக் கண்டது. அதுவும் ரெட்ரோவைரஸிடமிருந்து வந்ததுதான். நமக்கும் அரணைக்கும் பொது முன்னோர் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். இரண்டு பாதைகளும் பிரிந்து அவ்வளவு காலம் கழித்து, இருவரும் ஒரே வகைப் பொருளை எடுத்து ஒரே வேலைக்குப் பயன்படுத்தியிருக்கிறோம்.

உச்சிப்புளி கிராம செவிலியர்:

இந்தப் படலத்தைப் பற்றி நான் தினமும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன், இதுதான் அது என்று தெரியாத தாய்மார்களிடம். கர்ப்பப் பரிசோதனை அட்டையில் இரண்டாவது கோடு விழுகிறதே, அந்த ஹார்மோனைச் சுரப்பது நீங்கள் சொல்லும் எல்லையற்ற செல்தான். கர்ப்பிணிக்கு ரண ஜன்னி ஊசி போடுகிறோம். தாயின் உடலில் உண்டாகும் எதிர்ப்புப் புரதத்தைப் பிடித்துக் குழந்தையின் பக்கம் கடத்துவதும் அதே படலம். ஆகவே அதை வெறும் தடுப்புச் சுவர் என்று சொல்லிவிடக் கூடாது. எதை விடுவது, எதை நிறுத்துவது என்று ஆள் பார்த்து அனுப்பும் வாசல் அது.

என் கேள்வி இரத்த அழுத்தம் பற்றியது. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு அழுத்தம் 140-க்கு 90-ஐத் தாண்டி, சிறுநீரில் புரதம் வந்து, தலைவலி, கண் மங்கல் என்று வருபவர்களை உடனே மேல்மருத்துவமனைக்கு அனுப்புகிறோம். கோளாறு நஞ்சுக்கொடியில்தான் தொடங்குகிறது என்று பயிற்சியில் சொன்னார்கள். இந்தச் சின்சிட்டினுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா தங்கச்சி?

சாயல்குடி கிடைக்காரர்:

அக்காவின் கேள்விக்குப் பதில் வரட்டும், அதோடு எனக்கும் ஒன்று. எங்களிடம் ராமநாதபுரம் வெள்ளை ஆடுகள் இருக்கின்றன. ஆடு போடும் இளங்கொடியில், அதாவது நஞ்சுக்கொடியில், அங்கங்கே தனித்தனியாகச் சதைக் கட்டிகள் இருக்கும். பெண்களுக்கு விழுவது ஒரே வட்டமாக இருக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். வடிவமே வேறாக இருக்கும்போது ஆட்டுக்கும் இந்த வைரஸ் கதை பொருந்துமா?

மண்டபம் ஆய்வு மாணவி:

அக்கா, தொடர்பு இருப்பதாக 2001 முதல் ஆய்வுகள் வந்திருக்கின்றன. நீங்கள் சொன்ன கோளாறு உள்ள தாய்மார்களின் நஞ்சுக்கொடியில் சின்சிட்டின்-1 குறைவாகவும் இடம் மாறியும் காணப்படுகிறது. ஆனால் அது நோயின் காரணமா, நோயால் வந்த விளைவா என்பது இன்னும் தீரவில்லை. நஞ்சுக்கொடி சரியாகப் பதியாமல் இரத்த ஓட்டம் குறைந்தாலும் சின்சிட்டின் குறையும். அதனால் இதை வைத்துச் சிகிச்சை எதுவும் இப்போது இல்லை. அழுத்தத்தை அளப்பதும் நேரத்தில் அனுப்புவதும்தான் உயிர் காக்கும்.

சாயல்குடி அண்ணே, ஆட்டில் இந்தக் கதை இன்னும் அழுத்தமாகவே பொருந்தும். செம்மறியில் நுரையீரல் கட்டி உண்டாக்கித் தொற்றும் ஒரு ரெட்ரோவைரஸ் இன்றும் உலகின் பல நாடுகளில் உலவுகிறது. அதன் உறவுக்கார வைரஸ்கள் குறைந்தது 27 இடங்களில் ஆட்டின் சொந்த மரபுத்தொகுதிக்குள் குடியேறிவிட்டன. அமெரிக்காவின் டெக்சாஸில் தாமஸ் ஸ்பென்சர் குழு 2006-இல் ஒரு சோதனை செய்தது. சினையான ஆடுகளின் கருப்பைக்குள், குடியேறிய வைரஸின் உறைப் புரதம் தயாராகாமல் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். கருவின் வெளிப்புறச் செல்கள் வளரவில்லை. இருபது நாளுக்குள் சினை கலைந்தது. ஐந்து மாதச் சினையில் அது மிகத் தொடக்கம். குடியேறிய வைரஸ்களில் சில, வெளியிலிருந்து வரும் நோய் வைரஸை ஆட்டின் செல்லுக்குள்ளேயே மடக்கிவிடுகின்றன என்பதும் தெரிந்திருக்கிறது.

நீங்கள் பார்க்கும் சதைக் கட்டிகளின் இடத்தில் ஆட்டுக் கருவின் செல்கள் தாயின் கருப்பைச் செல்களோடு கலக்கின்றன. பெண்களில் கருவின் செல்கள் தமக்குள் மட்டுமே கலக்கும், தாயின் செல்லைச் சேர்த்துக்கொள்வதில்லை. மாடும் ஆடும் பயன்படுத்துவது தனிச் சின்சிட்டின். 2013-இல் கண்டார்கள், 3 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழையது. நமக்கு வந்த வைரஸுக்கும் அதற்கும் நேரடி உறவில்லை.

கீழக்கரை வாசகர்:

இப்போது எனக்கு வேறொரு முடிச்சு விழுகிறது. மனிதனுக்கு ஒன்று, ஆட்டுக்கு வேறொன்று, அரணைக்கு இன்னொன்று. நமக்கு வந்தது 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன் என்கிறீர்கள். அதற்கு முன் வாழ்ந்த பாலூட்டிகள் கரு சுமக்கவில்லையா? சுமந்தன அல்லவா? அப்படியானால் ‘வைரஸ் இல்லாமல் நஞ்சுக்கொடி இல்லை’ என்று பத்திரிகைகளில் எழுதுவது மிகை என்றே படுகிறது.

மண்டபம் ஆய்வு மாணவி:

காக்கா தொட்ட இடத்தில்தான் ஆசிரியர் ஐயாவிடமிருந்து நான் வேறுபடுகிறேன்.

காலத்தைப் பாருங்கள். பாலூட்டிகளின் நஞ்சுக்கொடி 10 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. நமக்குத் தெரிந்த சின்சிட்டின்களில் மிகப் பழையது நாய், பூனை, சிங்கம் அடங்கிய ஊனுண்ணிகளுடையது. அது 6 முதல் 8.5 கோடி ஆண்டு. முயலுடையது இன்னும் இளையது. எலிகளுக்கு வந்து 2 கோடி ஆண்டு சொச்சம். எல்லாமே நஞ்சுக்கொடிக்குப் பின்னர் வந்தவை. பன்றிக்கும் குதிரைக்கும் கலந்த செல் படலமே கிடையாது. கருவின் படலம் கருப்பைச் சுவரைத் துளைக்காமல் மேலே படிந்தபடியே உணவெடுக்கிறது. அவற்றில் சின்சிட்டின் எதுவும் கண்டறியப்படவில்லை. குதிரைக்குட்டி பதினோரு மாதம் குறையில்லாமல் வளர்ந்து பிறக்கிறது.

குரங்குகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். ராமேசுவரத்துக் கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் குரங்கு எந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததோ, அந்தப் பழைய உலகக் குரங்குகளிடமும் நம் சின்சிட்டின்-1 இருக்கும் இடத்தில் அதே வைரஸின் எச்சம் இருக்கிறது. ஆனால் மரபணு செயலிழந்து கிடப்பதாக 2006-இல் கண்டார்கள். அவை சின்சிட்டின்-2-ஐ வைத்துக்கொண்டு குட்டி போடுகின்றன.

வைரஸ் வந்து நஞ்சுக்கொடியைத் தோற்றுவித்தது என்று சொன்னால் இந்தத் தகவல்கள் இடிக்கும். ஏற்கெனவே இருந்த உறுப்பு வைரஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக வேலைக்கு எடுத்துக்கொண்டது என்று சொன்னால் எல்லாம் பொருந்தும்.

தேவிபட்டினம் ஆசிரியர்:

நான் எழுதியது ‘மனித நஞ்சுக்கொடி இன்றுள்ள வடிவில்’ என்று. அதில் உறுதியாக நிற்கிறேன். பன்றிக்கு இல்லாமல் நடக்கிறது என்பதால் எலிக்கும் மனிதனுக்கும் இல்லாமல் நடக்கும் என்று ஆகாது. 2009-இல் எலியில் சின்சிட்டின்-ஏ மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். கருக்கள் பதினொன்றரை முதல் பதின்மூன்றரை நாளுக்குள் எல்லாமே இறந்தன. எலியின் கர்ப்பம் மூன்று வாரம்கூட இல்லை. இணையான சின்சிட்டின்-பி-யை நீக்கியபோது குட்டிகள் பிறந்தன, ஆனால் வளர்ச்சி குன்றி, எண்ணிக்கையும் குறைந்து. வந்து சேர்ந்த காலம் எதுவானாலும், இப்போது அந்த வீட்டின் தூண் அதுதான்.

இன்னும் பழைய சான்றும் இருக்கிறது. பெக்-10 என்றொரு மரபணு. இது வைரஸின் நேர் வாரிசு என்று சொல்ல முடியாது. ரெட்ரோவைரஸுக்கு நெருங்கிய உறவான தாவும் மரபணுவிலிருந்து வந்தது. பையில் குட்டி சுமக்கும் கங்காரு வகைகளிலும் நம்மிலும் உண்டு, முட்டையிடும் பாலூட்டியான பிளாட்டிபஸில் இல்லை. கரு சுமக்கும் பாலூட்டிகளின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது என்று பொருள். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006-இல் எலியில் அதை நீக்கியபோது நஞ்சுக்கொடி சரியாக அமையாமல் பத்தரை நாளுக்குள் கரு இறந்தது. மாணவி சொல்லும் காலக்கணக்குக்கு என் பதில் இதுதான்.

மரபணுவைத் தவிர அவற்றை முடுக்கும் விசைகளும் வைரஸ் எச்சங்களாக இருக்கின்றன. பிரசவ நேரத்தோடு தொடர்புடைய ஒரு ஹார்மோனை மனித நஞ்சுக்கொடியில் சுரக்கவைப்பது அப்படியொரு துண்டு. 2018-இல் மனிதனின் அந்தப் பகுதியை எலியில் வைத்தபோது எலியின் கர்ப்ப காலம் நீண்டது. துண்டை மட்டும் வெட்டி எடுத்ததும் பழைய காலத்துக்குத் திரும்பியது. நஞ்சுக்கொடி இனத்துக்கு இனம் இவ்வளவு மாறுபடுவதற்கு இந்த விசைகளும் பெரிய காரணம் என்பது என் கருத்து.

பாம்பன் நாட்டுப்படகு:

இரண்டு பேர் சொல்வதும் எனக்கு ஒரே படகாகத்தான் தெரிகிறது. அப்பா காலத்து வள்ளத்தில் ஆண்டுக்கு ஆண்டு பலகை மாற்றுகிறோம். அடிக்கட்டையான ஏரா மரம் மட்டும் பழையது. புதுப் பலகை வருவதற்கு முன்னும் வள்ளம் கடலுக்குப் போனது. ஆனால் இன்று அந்தப் பலகையைக் கழற்றினால் மூழ்கிவிடும். மாணவி வள்ளத்தின் வயதைச் சொல்கிறார், ஆசிரியர் பலகையைக் கழற்றாதே என்கிறார்.

மண்டபம் ஆய்வு மாணவி:

அண்ணே, ஏரா மரமும் வெளியிலிருந்து வந்ததுதான் என்கிறார் ஆசிரியர், பெக்-10-ஐக் காட்டி. அதை ஏற்கிறேன். வைரஸ் என்ற பெயரில் அதைச் சேர்ப்பதைத்தான் ஏற்கவில்லை. தாவும் மரபணு செல்லுக்குள்ளேயே இடம் மாறுவது, உடல் விட்டு உடல் தொற்றுவது அன்று. இந்த வேறுபாட்டை மாணவர்களுக்குச் சொல்லாமல் விடக் கூடாது.

உச்சிப்புளி கிராம செவிலியர்:

நான் நெடுநாளாக மனத்தில் வைத்திருந்ததை இங்கே கேட்டுவிடுகிறேன். 2021-இல் கர்ப்பிணிகளுக்குக் கொரோனா தடுப்பூசி போடலாம் என்று ஜூலையில் அரசு அனுமதித்தது. அப்போது கைபேசியில் ஒரு குரல் பதிவு சுற்றியது. ஊசி போட்டால் நஞ்சுக்கொடியே கரைந்துவிடும், குழந்தை தங்காது என்று. அதில் சின்சிட்டின் என்ற சொல்லும் வந்தது. அந்தச் சொல்லை முதன்முதலில் கேட்டதே அப்போதுதான். கடற்கரைக் குடியிருப்புகளில் வீடு வீடாகப் போய்ப் பேசினோம். எனக்கே விடை தெரியாமல், ‘அப்படியெல்லாம் இல்லை’ என்று மட்டும் சொன்னேன். பல பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இரண்டாம் அலையில் மூச்சுத் திணறி வந்த கர்ப்பிணிகளை நான் பார்த்தேன். அதனால் அந்தக் குரல் பதிவை என்னால் மன்னிக்க முடியவில்லை. எதை வைத்து அப்படிப் பரப்பினார்கள்?

மண்டபம் ஆய்வு மாணவி:

2020 டிசம்பரில் ஐரோப்பாவிலிருந்து கிளம்பிய வதந்தி அது. கொரோனா வைரஸின் கூர்முனைப் புரதமும் சின்சிட்டின்-1-உம் ஒத்திருக்கின்றன, ஆகவே ஊசியால் உண்டாகும் எதிர்ப்பு நஞ்சுக்கொடியையும் தாக்கும் என்று சொன்னார்கள். இரண்டும் சவ்வுகளைக் கலக்கும் புரதங்கள் என்பது உண்மை. ஆனால் அமினோ அமில வரிசையில் எதிர்ப்புப் புரதம் ஏமாறும் அளவுக்கு ஒற்றுமையே கிடையாது. வேலை ஒன்று என்பதால் உருவம் ஒன்றாகிவிடாது. ஊசி போட்ட பெண்களின் இரத்தத்தைச் சோதித்தும் பார்த்தார்கள். சின்சிட்டினைத் தாக்கும் எதிர்ப்பு உண்டாகவில்லை. யோசித்தால் இன்னொன்றும் புரியும். அந்த வாதம் உண்மையாக இருந்தால் கொரோனா தொற்றிய ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் அதே கதி நேர்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் தொற்றிலும் அதே கூர்முனைப் புரதம்தான் வருகிறது. அப்படி நடக்கவில்லை. உங்கள் ‘இல்லை’ சரியான ‘இல்லை’தான் அக்கா.

நஞ்சுக்கொடியும் வைரஸும் என்றால் பயப்பட வேண்டியதில்லை என்பதற்கு இன்னொரு செய்தியும் உண்டு. சப்ரெசின் என்று இன்னொரு பழைய வைரஸ் மரபணு நம்மிடம் இருக்கிறது. செல்லின் மேற்பரப்பில் சின்சிட்டின்-1 ஒட்டிக்கொள்ளும் புரதத்தை ஏற்பி என்பார்கள். அதே ஏற்பியில் இதுவும் போய் ஒட்டி, செல்கள் அளவுக்கு மீறிக் கலக்காமல் பார்த்துக்கொள்கிறது. 2013-இல் அதைக் கண்டார்கள். அந்த ஏற்பியின் வழியாகத்தான் ஒரு வகை ரெட்ரோவைரஸ்களும் செல்லுக்குள் நுழைகின்றன. ஏற்பியைச் சப்ரெசின் பிடித்துக்கொண்டிருந்தால் அவற்றுக்கு இடமில்லை. 2022-இல் கார்னெல் பல்கலைக்கழகக் குழு இதைச் சோதித்துக் காட்டியது. பழைய வைரஸின் புரதம் கருவைச் சூழ்ந்து நின்று புதிய வைரஸை மறிக்கிறது.

சாயல்குடி கிடைக்காரர்:

இப்படி வைரஸ் பரம்பரைக்குள் புகுவது அந்தக் காலத்தோடு முடிந்துவிட்டதா? இப்போதும் நடக்கிறதா?

மண்டபம் ஆய்வு மாணவி:

நடக்கிறது அண்ணே. ஆஸ்திரேலியாவின் கோலா கரடியில் நம் கண்முன்னே நடக்கிறது. வடக்கே குயின்ஸ்லாந்தில் கோலாக்கள் எல்லாவற்றின் மரபுத்தொகுதியிலும் ஒரு ரெட்ரோவைரஸ் ஏறிவிட்டது, தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் குட்டிக்கு இறங்குகிறது. தெற்கே போகப் போகக் குறைகிறது. 2006-இல் இதை விவரித்தபோது, தெற்கே கங்காரு தீவில் தொற்றில்லாத கோலாக்கள் இருந்தன. அந்த வைரஸால் பல கோலாக்கள் இரத்தப் புற்றுநோயில் இறக்கின்றன. நம் முன்னோரும் அப்படிப் பல தலைமுறை செத்துத்தான் இந்த மரபணுக்கள் நமக்கு வந்திருக்கும். அதனால் இதைப் பரிசு என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

தேவிபட்டினம் ஆசிரியர்:

இந்தக் கடைசி வாக்கியத்தை வகுப்பில் அப்படியே சொல்லப்போகிறேன்.

சாயல்குடி அண்ணே, அடுத்த ஈற்றில் ஓர் இளங்கொடி கிடைத்தால் பள்ளி ஆய்வகத்துக்குத் தர முடியுமா? ஆட்டினுடையதும், பாம்பன் அண்ணன் சொன்ன சுறாக்குட்டி கொடியோடு ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் படம் வரைந்து காட்ட வேண்டியதில்லை.

சாயல்குடி கிடைக்காரர்:

மாசி மாதம் ஈற்று வரும். சொல்லி அனுப்புகிறேன்.

பாம்பன் நாட்டுப்படகு:

சுறா கிடைக்கும்போது ஐஸில் வைத்துக் கொண்டுவந்து கொடுக்கிறேன்.

உச்சிப்புளி கிராம செவிலியர்:

ஒன்றே ஒன்று. ஆட்டின் இளங்கொடியை யாரும் வெறும் கையால் தொடாதீர்கள், மாணவர்களைத் தொடவும் விடாதீர்கள். புருசெல்லா கிருமி அதில் இருந்தால் விட்டு விட்டு வரும் காய்ச்சல், மூட்டு வலி என்று மாதக்கணக்கில் படுத்தும். சினை கலைந்த ஆட்டினுடையதை எடுக்கவே வேண்டாம். கையுறை என்னிடம் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.